இரண்டு கிரெடிட்டுக்கு எங்கே போவது?

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், இரண்டாம் ஆண்டு பி.ஏ. பொருளியல் மாணவர்கள் துறைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "சார், இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கம்பெனிக்குப் போகணும்?" என்பதுதான். பி.காம். மாணவருக்கு ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. கணினி அறிவியல் மாணவருக்கு ஊருக்கு நாலு மென்பொருள் நிறுவனமாவது பெயருக்கு இருக்கிறது. பொருளியல் மாணவர் வரலாம் என்று பலகை மாட்டிய இடம் மட்டும் எந்த ஊரிலும் கிடையாது. எங்கள் துறையில் இந்தப் பயிற்சிக்குப் பொறுப்பாசிரியராக இருந்துவருகிறவன் என்ற முறையில், ஒவ்வோர் ஆண்டும் நான் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இடத்தை முதலில் தேடாதீர்கள். செய்யப்போகும் வேலையை முதலில் முடிவுசெய்யுங்கள். எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும், எந்த விலையைக் குறித்துவைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில், இளநிலைப் பட்டத்துக்கான 140 கிரெடிட்டுகளில் (கிரெடிட் என்பது படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) 2 கிரெடிட் இந்தப் பயிற்சிக்கு உரியது. நான்காம் பருவத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் 30 மணி நேரம் செய்துமுடித்தால், ஐந்தாம் பருவ மதிப்பெண் பட்டியலில் அது ஏறும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு 2 முதல் 4 கிரெடிட் வரை பேசுகிறது. 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 60 முதல் 120 மணி நேரம் என்கிறது. உங்கள் கல்லூரி எந்த அளவை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பாடத்திட்டக் கையேட்டில் நீங்களே படித்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மூத்த மாணவர்கள் சொல்லும் மணிக்கணக்கு அவர்கள் காலத்துப் பாடத்திட்டத்தின் கணக்காக இருக்கும்.

அடுத்ததாகப் பெரிய பெயர்கள். பொருளியல் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரிசர்வ் வங்கிதான். அதன் கோடைக்காலப் பயிற்சி முதுநிலை மாணவர்களுக்கும், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் இருப்பவர்களுக்கும், மூன்றாண்டுச் சட்டப் படிப்பு மாணவர்களுக்கும் உரியது. மூன்றாண்டு பி.ஏ. மாணவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. நபார்டு வங்கியின் மாணவர் பயிற்சித் திட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் இளநிலை மாணவர்களை ஏற்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு முடித்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும், குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும், உதவித்தொகை கிடையாது. மாதத்தின் முதல் பத்து நாட்களில்தான் இணையத்தில் விண்ணப்பம் திறந்திருக்கும். டெல்லியில் தங்கிச் சாப்பிடும் செலவைக் குடும்பம் தாங்குமானால் முயன்று பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் காட்டி, மாதம் 5,000 ரூபாய் தருகிறார்களாமே என்று கேட்காத மாணவரே இல்லை. அறிவிக்கப்பட்டபோது அது முழுநேரப் படிப்பில் இல்லாத 21 முதல் 24 வயதுக்காரர்களுக்காக, ஓராண்டுக் காலத்துக்கு வகுக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருக்கும்போது அதில் சேர வழியில்லை, சேர்ந்தாலும் நம்முடைய 2 கிரெடிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சென்னையில் படிப்பவர்களுக்கு அடையாறில் 1971இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், கோட்டூர்புரத்தில் சென்னைப் பொருளியல் கல்லூரியும், தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றில் பொதுவாக ஒரு மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பிவைப்பதால் பயனில்லை. அங்கே உள்ள பேராசிரியர் ஒருவரின் கட்டுரையை உண்மையிலேயே படித்துவிட்டு, அவருடைய தற்போதைய ஆய்வில் தரவுப் பதிவு, வினாநிரல் மொழிபெயர்ப்பு, பழைய அறிக்கைகளிலிருந்து அட்டவணை எடுத்தல் போன்ற வேலை ஏதேனும் இருந்தால் செய்துதர முடியும் என்று அவருக்கு மட்டும் எழுத வேண்டும். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த இளநிலை மாணவருக்குக் களஆய்வுகளில் மதிப்புண்டு. நம் மாணவர்கள் அதைத் தகுதியாகவே எண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சான்றிதழ் விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "நாலு வாரம், வீட்டிலிருந்தபடியே, சான்றிதழ் உறுதி" என்று வாட்சப் குழுக்களில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டிவிட்டு வண்ண அச்சில் தாள் கொண்டுவருகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அங்கே என்ன செய்தாய் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், வீடியோ பார்த்தேன் என்பதற்கு மேல் பதில் வராது. கிரெடிட் கிடைத்துவிடவும் கூடும். பல கல்லூரிகளில் தாளைத்தான் பார்க்கிறார்கள். கற்றுக்கொள்கிறவன்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் டியூஷன் என்று மட்டும் சொல்லி, அவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம்.

இனி, வேலையை முதலில் தேர்ந்தெடுத்து இடத்துக்குப் போவது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மாணவி ஒருவர் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவருடைய தந்தை கத்தரியும் வெண்டையும் போடுகிற சிறு விவசாயி. வாரத்தில் சில நாள் எங்கள் ஊர் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவருவார். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதிலிருந்து அங்கே விலை வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. சந்தை ஊழியர்கள் விடியுமுன்பே மொத்த விற்பனை மண்டியின் விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் கேட்டறிந்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதுவார்கள். இந்த விதி எல்லாக் காய்க்கும் எல்லா நாளும் பொருந்துகிறதா என்பதே அந்த மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி. நுண்ணினப் பொருளியல் தாளில் விலை உச்சவரம்பு என்று நாங்கள் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவதை, காலை ஐந்து மணிக்குத் தராசோடு பார்க்கும் வாய்ப்பு அது.

அனுமதி கேட்டுப் போனபோது நிர்வாக அலுவலர், "பொருளாதாரம் படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலைம்மா?" என்றாராம். "போர்டுல எழுதுற விலைக்கேதான் விக்கிறாங்களான்னு பாக்கணும் சார்" என்று இந்தப் பெண் சொன்னதும், "அது எனக்கே தெரிஞ்சாகணும், நாளைக்கே வா" என்றிருக்கிறார். மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வந்துசேர அதற்குப் பின் கொஞ்ச நாள் ஆனது உண்மைதான். ஆனாலும் கேள்வி அந்த அலுவலருக்கும் வேண்டியதாக இருந்ததால், கோப்பு அங்கே தூங்கவில்லை.

தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் என்று ஐந்து காய்களை எடுத்துக்கொண்டார். மண்டி விலை, பலகை விலை, தெருமுனைக் கடை விலை, சந்தைக்குள் வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்த விலை என்று ஒவ்வொரு காய்க்கும் நான்கு பத்தி போட்டு, கடைசிப் பத்தியைத் திறப்பு நேரத்தில் ஒரு முறையும் ஒன்பது மணி வாக்கில் ஒரு முறையும் நிரப்பினார். காலையில் பலகை விலைக்கே விற்ற கத்தரி, ஒன்பது மணிக்குக் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய் இறங்கிவிடும். ஊருக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிக்க வேண்டிய விவசாயி, மிச்சக் காயைச் சுமந்துகொண்டு போவதைவிடக் கூறுகட்டி விற்றுவிடுவதே மேல் என்று நினைப்பார். உள்ளூர்க்காரரான விவசாயியோ விலையை இறக்காமல் பத்தரை வரை உட்கார்ந்திருப்பார். சின்ன வெங்காயத்தில் இந்த இறக்கம் அனேகமாக இல்லை, ஏனென்றால் அது நாளைக்கும் கெடாது. பலகையில் இருப்பது விலை அல்ல, விலையின் மேல்வரம்பு என்றும், வரம்புக்குக் கீழே எவ்வளவு இறங்குவது என்பதைக் காயின் ஆயுளும் பேருந்து நேரமுமே முடிவுசெய்கின்றன என்றும் அந்தப் பெண் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். பாடப்புத்தகத்தில் இந்த வாக்கியம் இல்லை. அவரே எழுதியது.

அதிகாலை வேலை என்பதால் வீட்டில் தயக்கம் இருந்தது. தந்தை காய் கொண்டுவரும் நாட்களையே பயிற்சி நாட்களாக வைத்துக்கொண்டால் அவரோடு டிவிஎஸ்ஸிலேயே வந்துபோகலாம் என்று நேரத்தை மாற்றி அமைத்தோம். 30 மணி நேரத்தைத் தொடர்ச்சியாகத்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளை மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், குறிப்பாகக் கோடையில் ஜவுளிக்கடைக்கும் கேட்டரிங்குக்கும் வேலைக்குப் போய்க் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கிறவர்கள்.

இன்னொரு மாணவர் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனார். பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துகிறவருக்கு, 7 சதவீத வட்டியை அரசுகளே ஏற்றுக்கொள்வதால் வட்டிச் சுமை இல்லை. நகைக்கடனுக்கு வட்டி உண்டு. அப்படியிருந்தும் நகைக்கடன் கவுண்டரில் ஏன் கூட்டம் நிற்கிறது என்பது நல்ல கேள்விதான். ஆனால் அவர் முதலில் கேட்டது வேறு. 2021இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியும், பின்னர் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டன அல்லவா, அந்த 5 பவுன் எல்லைக்குக் கீழே கடன்கள் குவிந்திருக்கின்றனவா என்று பேரேட்டைப் பார்க்க விரும்பினார். ஆய்வுக் கேள்வியாக அது மிக நல்ல கேள்வி. சங்கச் செயலாளரோ, "தம்பி, அத மட்டும் கேக்காதீங்க, ஆடிட்டு இன்னும் முடியல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தள்ளுபடிக் கணக்கு என்பது எந்தச் சங்கத்திலும் நெருப்பு. பேசிப் பார்த்ததில், உறுப்பினர் பெயரும் எண்ணும் இல்லாமல் மாதவாரியான கடன் தொகைகளை மட்டும் எடுத்துக்கொள்ள இசைந்தார். அதிலும் பொருள் இருந்தது. நகைக்கடன் நடவு மாதத்தில் கூடும் என்று எதிர்பார்த்துப் போன மாணவர், பள்ளி திறக்கும் ஜூனில்தான் அது கூடியிருப்பதைக் கண்டார். பயிர்க்கடனுக்கு நில உரிமையைக் காட்டும் சிட்டாவும் சாகுபடியைக் காட்டும் அடங்கலும் கேட்பார்கள். குத்தகைக்காரர் கையில் அவை இருப்பதில்லை, மனைவியின் சங்கிலி இருக்கிறது. பிள்ளையின் கட்டணத்துக்குப் பயிர்க்கடனும் கிடைக்காது.

அலுவலகம் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதைப் பேசித் தெரிந்துகொண்டு கேள்வியைத் திருத்திக்கொள்வதும் இந்தப் பயிற்சியின் பகுதிதான் என்று கருதுகிறேன். முதல் கேள்விதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அவருக்கு இடமும் இல்லை, தரவும் இல்லை.

மாவட்டப் புள்ளியியல் அலுவலகம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், மாவட்டத் தொழில் மையம், மாவட்டத்து வங்கிகளின் கடன் பணியை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகம் என்று கேட்டுப் பார்க்க வேறு இடங்களும் உண்டு. முன்னோடி வங்கி அலுவலகத்தில் மாவட்டத்தின் ஆண்டுக் கடன் திட்டத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த வட்டாரத்தில் இலக்கு எட்டப்படவில்லை என்று பார்ப்பதே ஒரு பயிற்சிக்குப் போதும். விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பருவத்தைக் கவனிக்க வேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் வயலை அளந்து அறுத்து எடைபோடும் அந்த வேலை, சம்பா நெல்லுக்குத் தை மாசியில் முடிந்துவிடும். மே மாதத்தில் போய்க் கேட்டால் கோடை நெல் விளையும் பகுதிகளில்தான் காணக் கிடைக்கும். அதற்குப் பதில், வருவாய்த் துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதை ஒட்டி மே, ஜூன் மாதங்களில் வட்ட அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை நம் விடுமுறைக்குள்ளேயே வருகிறது. சாகுபடிப் புள்ளிவிவரம் எந்தக் கிராமக் கணக்கிலிருந்து கிளம்பி மேலே போகிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

கடிதம் எழுதுவதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். "தங்கள் மேலான நிறுவனத்தில் பயிற்சி பெற வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு மனத்தில் எழுவது, இந்தப் பையனை எங்கே உட்காரவைப்பது, யார் இவனுக்கு வேலை சொல்வது என்ற கவலைதான். அந்தக் கவலையைக் கடிதமே தீர்த்துவிட வேண்டும். உழவர் சந்தைக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது: "மே மாதத்தில் வாரம் மூன்று நாள், காலை 5 முதல் 9.30 வரை, ஐந்து காய்கறிகளின் விலையை நான்கு நிலைகளில் குறித்து அட்டவணையிடுவேன். அலுவலக இருக்கையோ கணினியோ உதவித்தொகையோ தேவையில்லை. விவசாயிகளின் பெயரோ அட்டை எண்ணோ குறிக்கமாட்டேன். பயிற்சி முடிந்த வாரத்தில் அட்டவணையின் ஒரு படியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தருவேன்." இதோடு கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதமும் போனஃபைட் சான்றிதழும் இணைத்தால் போதும்.

யாருக்கு முகவரியிடுவது என்பதும் முக்கியம். கடன் சங்கத்தில் செயலாளர் மனம் இசைந்தாலும், "டி.ஆர். ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று சரகத் துணைப்பதிவாளரைக் கைகாட்டுவார். ஆகவே கடிதத்தைத் துணைப்பதிவாளருக்கு எழுதி, நகலைச் செயலாளருக்குக் கொடுத்துவிடுவது நடையைக் குறைக்கும். ஆனால் செயலாளரிடம் முதலில் வாயால் பேசிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். தமக்குத் தெரியாமல் மேலிருந்து வந்த உத்தரவை யாரும் மகிழ்ந்து வரவேற்பதில்லை. காலத்தைப் பொறுத்தவரை, ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்லவை. மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு இருப்பதால் வங்கியிலும் சங்கத்திலும் தலைநிமிர நேரமிருக்காது. தேர்தல் வருகிற ஆண்டாக இருந்தால் அரசு அலுவலகங்களில் பாதிப் பேர் தேர்தல் பணிக்குப் போய்விடுவார்கள், அப்போது கூட்டுறவோ தனியார் நிறுவனமோ பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லூரிப் பக்கத்தில் தவறவிடக் கூடாதது ஒன்றுதான். போவதற்கு முன்பே துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வாங்கிவிட வேண்டும். முடித்துவிட்டு வந்து சான்றிதழைக் காட்டினால் ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். மாமாவின் மளிகை மொத்தக் கடையில் கோடை முழுவதும் வேலை பார்த்த மாணவர், சரக்கு இருப்பையும் கடன் விற்பனையையும் வாரவாரியாகப் பதிந்து அறிக்கை தருகிறேன் என்று முன்கூட்டியே திட்டம் கொடுத்தபோது நான் ஏற்றுக்கொண்டேன். உறவினர் கடையை எப்படி நிறுவனமாக எடுத்துக்கொள்வது என்று துறையில் ஒரு சக ஆசிரியர் இன்றும் என்னோடு வாதாடுகிறார். கையெழுத்துப் போடுகிறவர் மாமாவாக இருப்பதில் சிக்கல் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. அதனால்தான் அந்த மாணவரிடம் மட்டும் கொள்முதல் பில்களின் நகலையும் சேர்த்துக் கேட்டேன்.

நாட்குறிப்பை அன்றன்றைக்கே எழுதி, பயிற்சி தரும் இடத்தில் வாரம் ஒரு முறை கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் ஒரே பேனாவில் எழுதிய நாட்குறிப்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும். அறிக்கையில் நிறுவனத்தின் வரலாறு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்தியாவில் கூட்டுறவு 1904இல் தொடங்கியது என்பதை வாய்மொழித் தேர்வுக்கு வரும் எல்லோரும் அறிவோம். நான் கேட்பது, நீ எடுத்த எண்களில் உனக்கு நம்பிக்கை இல்லாத எண் எது, ஏன் நம்பவில்லை என்பதுதான். உழவர் சந்தைக்குப் போன மாணவி, தெருமுனைக் கடை விலையைச் சொன்னார். தன் கையில் நோட்டைப் பார்த்ததும் கடைக்காரர் இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்கிறார் என்று சந்தேகம் வந்ததால், பிறகு தம்பியை அனுப்பிக் கால் கிலோ வாங்கிவரச் சொல்லி விலையைத் தெரிந்துகொண்டாராம். முழு மதிப்பெண் போட்டேன்.

ஐந்தாம் பருவ முடிவு வந்ததும், டிஜிலாக்கர் வழியாக, மாணவரின் கிரெடிட்டுகள் பதிவாகும் கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கைத் திறந்து, அந்த 2 கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பயிற்சி மதிப்பெண் மற்றத் தாள்களைப் போல அல்லாமல் துறையிலிருந்து தனிப் பட்டியலாகப் போவதால் விடுபட வாய்ப்பு அதிகம். விடுபட்டிருந்தால், ஒப்புதல் கடிதத்தின் நகலை இணைத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஆறாம் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே மனுக் கொடுத்துவிட வேண்டும்.